சூடு இருக்கிறது, துணி ஏன் காயவில்லை?



டிசம்பர் மாத மழை. மூங்கில் கழியில் போட்ட பள்ளிச் சீருடை இரண்டு நாளாகியும் காயவில்லை. வேறு வழியின்றி அம்மா அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில், அதாவது நாம் எல்லாரும் டிரையர் என்று சொல்லும் பெட்டியில், போடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடிக்கிறது. துணியைத் தொட்டால் சூடாக இருக்கிறது. ஆனால் சட்டைக் காலரில் ஈரம், கால்சட்டையின் இடுப்புப் பட்டையிலும் ஈரம். நாளைக் காலை ஆறரை மணிக்குள் நீங்கள் அதை அணிந்தாக வேண்டும்!

சென்ற ஆண்டு இறுதியில் என் மாடியில் குடியிருக்கும் ஓர் அக்காவுக்கு இதே தொல்லை. "தம்பி, நீங்க சயன்ஸ் டீச்சர்தானே? கொஞ்சம் வந்து பாருங்களேன். ரெண்டு மணி நேரம் ஓடுது, துண்டு இன்னும் ஈரமாவே இருக்கு," என்றார். ஏற்கெனவே வந்து பார்த்த ஒருவர், "ஹீட்டர் போயிருக்கும். புதுசு வாங்கறதுதான் நல்லது," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். புதிய இயந்திரத்தின் விலையை அக்கா விசாரித்தும் வைத்திருந்தார்.

நான் திருப்புளி எதையும் எடுத்துச் செல்லவில்லை. விமானப் பயணத்துக்கு முன் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்தக் கைத்தராசை மட்டும் எடுத்துச் சென்றேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

துணி காய்வது என்றால் என்ன?

"சூடு பட்டால் துணி காயும்" என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். இது பாதி உண்மை. துணி காய்வது என்றால், துணியில் இருக்கும் நீர் ஆவியாகி வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்வது. இதற்கு மூன்று வேண்டும்.

முதலாவது, வெப்பம். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவித்து நீரை ஆவியாக்க ஆற்றல் தேவை. இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். டிரையரில் நிலவும் வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும்.

இரண்டாவது, ஓடும் காற்று. துணியை ஒட்டியிருக்கும் காற்று சற்று நேரத்தில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதை விலக்கி, வறண்ட காற்றைக் கொண்டுவர வேண்டும். உருளை சுழல்வதும் இதற்காகத்தான். துணிகள் மேலே எழுந்து பிரிந்து விழும்போது ஒவ்வொரு துணிக்கும் இடையே காற்று புகுகிறது.

மூன்றாவது, ஆவி போய்ச் சேர ஓர் இடம். துணியை விட்டு வெளியேறிய ஈரம் வெளிக்காற்றில் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்து மீண்டும் நீராகி ஒரு தொட்டியில் சேர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அது உருளைக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் துணி காயாது. சிங்கப்பூர் வானிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வெயில் இல்லாத நாளிலும் குளிர் இல்லை. ஆனால் ஒப்பு ஈரப்பதம் அதிகாலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் அது 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் அப்படி இறங்குவதும் இல்லை. கழியில் தொங்கும் துணிக்கு வெப்பம் இருக்கிறது, காற்றும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றில் கூடுதல் ஈரத்துக்கு இடம் இல்லை.

டிரையர் இந்த இடத்தை எப்படி உண்டாக்குகிறது? 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 60 டிகிரியில் அதே கன அளவு ஏறத்தாழ 130 கிராம் தாங்கும். ஆகவே 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள நம் வீட்டுக் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 17 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்றிலிருந்த ஈரம் எங்கும் போகவில்லை. காற்றின் கொள்திறன்தான் கூடியது. டிரையரின் ஹீட்டர் துணியைச் சுடுவதற்காக அல்ல, காற்றைத் தாகமுள்ளதாக்குவதற்காகவே இருக்கிறது என்று சொல்லலாம்.

அந்தக் காற்று நகராவிட்டால்? தாகம் தீர்ந்த காற்று துணியைச் சுற்றி அப்படியே நிற்கும். துணி சூடாக இருக்கும், ஈரமாகவும் இருக்கும். அக்கா வீட்டில் கண்டது இதைத்தான்.

நீர்க் கணக்கு

இப்போது கைத்தராசுக்கு வருவோம். துவைப்பதற்கு முன் துணிகளை ஒரு பையில் போட்டு எடை பார்த்தோம்: 4.0 கிலோ. துவைத்துப் பிழிந்த பின்: 6.4 கிலோ. ஆக, துணியில் இருந்த நீர் 2.4 கிலோ.

இதைக் காயவைக்க எவ்வளவு நேரம் ஆகவேண்டும்? 2.4 கிலோ நீர் × 2.4 மெகாஜூல் = 5.76 மெகாஜூல். ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். ஆகவே தேவைப்படும் ஆற்றல் 1.6 கிலோவாட் மணி. ஹீட்டரின் திறன் 2 கிலோவாட் என்றால், ஒரு துளி வெப்பமும் வீணாகாத நிலையில்கூட 48 நிமிடம் ஆகும். நடைமுறையில் உருளையும் துணியும் சூடாக வேண்டும், சிறிது வெப்பம் வெளியேறும். 80 முதல் 100 நிமிடத்தில் முடிந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அரை மணியில் காயவில்லையே என்று யாராவது கோபித்தால், அது இயந்திரத்தின் பிழையன்று. இயற்பியல் அதற்கு இடம் தராது.

அக்காவின் டிரையரை 2 மணி நேரம் ஓடவிட்டோம். பிறகு துணியின் எடை 5.3 கிலோ. அதாவது 1.1 கிலோ நீர் மட்டுமே வெளியேறியிருக்கிறது. அடுத்து, இயந்திரத்தின் நீர்த்தொட்டியை வெளியே இழுத்து அளவுக் கோப்பையில் ஊற்றினோம். அரை லிட்டர்தான் இருந்தது.

நிறை அழியாது அல்லவா? துணியிலிருந்து போனது 1.1 கிலோ, தொட்டிக்கு வந்தது 0.5 கிலோ. மிச்சம் 0.6 கிலோ எங்கே? அண்ணாந்து பார்த்தேன். சமையலறைச் சுவர் ஓடுகள் வியர்த்திருந்தன. அங்கேதான் இருந்தது.

எந்தப் பொருளையும் கழற்றாமல் இரண்டு செய்திகள் கிடைத்துவிட்டன. ஒன்று, 1.1 கிலோ நீர் ஆவியாகியிருப்பதால் ஹீட்டர் முற்றிலும் போய்விடவில்லை. இரண்டு, ஆவியான நீர் போக வேண்டிய பாதையில் போகவில்லை. ஆகவே நாம் தேட வேண்டியது காற்றின் பாதையை.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

தேடத் தொடங்குமுன் இயந்திரத்தின் வகையை அறிய வேண்டும். வீடுகளில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளுவது. இதில் நீர்த்தொட்டி இருக்காது. பின்புறத்தில் ஒரு தடித்த மடிப்புக் குழாய் இணைக்கப்படும். இந்தக் குழாய் சன்னலுக்கு வெளியே போகாமல், துணி துவைக்கும் சிறிய இடத்துக்குள்ளேயே காற்றைவிட்டால் என்ன ஆகும்? அதுவும் மழைச்சாரல் அடிக்கிறதே என்று சன்னலை மூடிவிட்டால்? இயந்திரம் தான் வெளியேற்றிய ஈரக் காற்றையே திரும்ப உள்ளிழுக்கும். அப்போது பழுது இயந்திரத்தில் இல்லை, மூடிய சன்னலில் இருக்கிறது.

இரண்டாவது வகை, ஈரக் காற்றை உள்ளேயே குளிர்வித்து நீராக்குவது. இதில் நீர்த்தொட்டியோ வடிகால் குழாயோ இருக்கும். அறைக் காற்றைக் கொண்டு ஒரு வெப்பப் பரிமாற்றியைக் குளிர்விக்கிறார்கள். ஈரக் காற்று அந்தப் பரிமாற்றியின் குளிர்ந்த பரப்பைத் தொடும்போது, ஐஸ் போட்ட மைலோ குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதுபோல நீராகிறது. அக்காவின் டிரையர் இந்த வகை.

மூன்றாவது வகை, வெப்ப இறைப்பி உள்ளது. குளிர்சாதன இயந்திரத்தில் இருப்பது போன்ற அமைப்பு, ஒரு பக்கத்தில் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கிறது, மறுபக்கத்தில் அந்த வெப்பத்தையே திரும்பக் காற்றுக்குக் கொடுக்கிறது. பழைய வகைகளைவிட இதற்கு மின்சாரம் வெகுவாகக் குறைவு. ஆனால் குறைந்த வெப்பநிலையில் வேலை செய்வதால் நேரம் கூடுதலாகும். பழைய இயந்திரத்தை மாற்றி இதை வாங்கியவர்கள், "துணி சூடாகவே வரவில்லை, பழுதுபோல் இருக்கிறது" என்று கவலைப்படுவதுண்டு. சூடு குறைவாக இருப்பது இந்த வகையின் இயல்பு. துணி காய்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

மூன்று அறிகுறிகள்

மருத்துவர் முதலில் அறிகுறியைக் கேட்பார் அல்லவா? டிரையரிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஒன்று, நீண்ட நேரம் ஓடியும் துணி சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. காற்றோட்டத்தைச் சந்தேகியுங்கள்.

இரண்டு, துணி ஈரமாக இருக்கும்போதே "முடிந்தது" என்று இயந்திரம் சீக்கிரம் நின்றுவிடுகிறது. ஈர உணரியையோ துணியின் அளவையோ சந்தேகியுங்கள்.

மூன்று, துணி கொஞ்சமும் சூடாகவில்லை. முதலில் குளிர்க் காற்று முறை தேர்வாகியிருக்கிறதா, நீர்த்தொட்டி நிறைந்து இயந்திரம் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் வெப்பமூட்டும் பகுதியில் கோளாறு இருக்கலாம். அது உங்கள் வேலையன்று, பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை.

வரிசையாகத் தேடுவோம்

எளிதான, செலவில்லாத, ஆபத்தில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்போமே, அதே விதிதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்தால் இயந்திரம் சரியாகலாம். ஆனால் எது காரணம் என்று தெரியாது. அடுத்த முறையும் தடுமாறுவோம்.

முதலில் துவைக்கும் இயந்திரம். நீரை வெளியேற்றும் மலிவான வழி ஆவியாக்குவது அன்று, சுழற்றிப் பிழிவது. பிழியும்போது நீர் நீராகவே வெளியேறுகிறது. உள்ளுறை வெப்பத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. துணியை டிரையரில் போடுமுன் கையால் முறுக்கினால் நீர் சொட்டுகிறதா? அப்படியானால் சுழற்சி வேகத்தைக் கூட்டி மீண்டும் ஒருமுறை பிழியுங்கள். அக்கா வீட்டில் 4 கிலோ துணிக்கு 2.4 கிலோ நீர் இருந்தது. இது ஏற்கத்தக்க அளவுதான். ஆகவே அடுத்ததற்குப் போனோம்.

இரண்டாவது, துணியின் அளவு. உருளையில் துணி எழுந்து பிரிந்து விழ இடம் வேண்டும். பிதுங்கப் பிதுங்க அடைத்தால் அது ஒரே மூட்டையாகச் சுழலும், நடுவில் உள்ளவை காயாது. மெத்தை உறை, போர்வை உறை போன்றவை காலுறைகளையும் கைக்குட்டைகளையும் தமக்குள் விழுங்கி உருண்டையாகிவிடும். உறைகளின் பொத்தான்களைப் போட்டுவிடுங்கள். ஜீன்சையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகப் போட்டால் சட்டை காய்ந்த பிறகும் ஜீன்ஸ் ஈரமாக இருக்கும். மிகக் குறைவாகப் போடுவதும் தவறு என்பதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது, பஞ்சு வடிகட்டி. ஒவ்வொரு முறையும் துணியிலிருந்து நுண்ணிய இழைகள் உதிர்கின்றன. வடிகட்டியின் வலை அவற்றைப் பிடித்து வைக்கிறது. அக்கா ஒவ்வொரு முறையும் அந்தப் பஞ்சை எடுத்துவிடுவதாகச் சொன்னார். உண்மைதான், வலை பார்க்கச் சுத்தமாகவே இருந்தது. ஆனால் அதைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தபோது தண்ணீர் உடனே வழிந்தோடவில்லை, குளம்போல் தேங்கி நின்றது!

துணி மென்மையாக்கிகளில், குறிப்பாக டிரையருக்குள் போடும் வாசனைத் தாள்களில், மெழுகுபோன்ற பொருள் இருக்கிறது. அது வலையின் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடும். தண்ணீர் புகாத துளை வழியே காற்று மட்டும் எளிதாகவா புகும்? பாத்திரம் துலக்கும் திரவமும் மென்மையான தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டுப் பொருத்தினோம்.

மறுநாள், அதே துணிகளைத் துவைத்து அதே 2 மணி நேரம் ஓடவிட்டோம். துணியின் எடை 4.9 கிலோ, தொட்டியில் ஒரு லிட்டர். முதல் நாள் 1.1 கிலோ நீர் போன இடத்தில் இன்று 1.5 கிலோ போயிருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனால் போதாது.

நான்காவது, வெப்பப் பரிமாற்றி. மின்செருகியைக் கழற்றிவிட்டு, கையேட்டில் காட்டியபடி இயந்திரத்தின் அடிப்பகுதிக் கதவைத் திறந்து பரிமாற்றியை இழுத்தோம். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறப் பஞ்சு கம்பளம்போல் அடைத்திருந்தது. "நாலு வருஷமா இப்படி ஒண்ணு உள்ளே இருக்கிறதே எனக்குத் தெரியாதே!" என்றார் அக்கா. குளியலறைக் குழாயில் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினோம். தகடுகள் வளையாமல் இருக்கக் கூரான எதையும் பயன்படுத்தவில்லை. நீர் வடிந்த பிறகு பொருத்தினோம்.

எல்லா இயந்திரங்களிலும் பரிமாற்றியை இப்படி வெளியே எடுக்க முடியாது. சிலவற்றில் அது தானே தன்னைக் கழுவிக்கொள்ளும். வெப்ப இறைப்பி உள்ள பலவற்றில் அதன் முன்னுள்ள வடிகட்டியை மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள். குழாய் வழியே காற்றை வெளியேற்றும் வகையாக இருந்தால், இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியது அந்தக் குழாயை. அது சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா, வளைவுகளில் பஞ்சு தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரம் ஓடும்போது குழாயின் வெளிவாயில் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். தாள் நன்றாகப் படபடக்க வேண்டும்.

மூன்றாம் நாள். அதே துணி, அதே 6.4 கிலோ. இந்த முறை 100 நிமிடத்திலேயே எடை 4.1 கிலோவுக்கு வந்துவிட்டது. தொட்டியில் 2 லிட்டர் நீர். தடித்த தையல்களில் மட்டும் இலேசான குளிர்ச்சி. சுவர் ஓடுகள் வியர்க்கவில்லை. புதிய இயந்திரம் வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது.

அப்படியானால் "ஹீட்டர் போயிருக்கும்" என்று அவர் சொன்னது ஏன்? அவர் சொன்னதிலும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். காற்றோட்டம் குறையும்போது ஹீட்டரைச் சுற்றி வெப்பம் தேங்கும். ஆபத்தைத் தடுக்க அங்கே ஒரு வெப்பக் கட்டுப்படுத்தி இருக்கிறது. அது ஹீட்டரை அணைத்து அணைத்து இயக்கும். ஆகவே ஹீட்டர் நலமாக இருந்தாலும் பாதி நேரம் சும்மா இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹீட்டரின் பலவீனம்போல் தெரியும். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொண்டால், நல்ல இயந்திரம் குப்பைக்குப் போகும்.

சீக்கிரமே நின்றுவிடும் டிரையர்

அக்கா வீட்டில் இல்லாத, ஆனால் உங்கள் வீட்டில் இருக்கக்கூடிய இன்னொரு சிக்கல், ஈர உணரி. பல டிரையர்களில் கதவுக்கு உட்புறமாக இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி அவ்விரண்டையும் ஒரே நேரத்தில் தொடும்போது மிகச் சிறிய மின்னோட்டம் அதன் வழியே செல்லும். ஏனெனில், கரைந்த உப்புகள் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். துணி காயக் காயக் கடத்துதிறன் குறையும். போதிய அளவு குறைந்ததும் இயந்திரம் "காய்ந்துவிட்டது" என்று முடிவு செய்யும்.

வடிகட்டியில் படிந்த அதே மெழுகுப் படலம் இந்தப் பட்டைகளிலும் படிந்தால்? துணி ஈரமாக இருந்தாலும் மின்னோட்டம் போகாது. இயந்திரம் ஏமாந்துவிடும். இரண்டே சட்டைகளைப் போட்டாலும் இதே கதைதான். அவை பட்டைகளை அரிதாகவே தொடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தானாக நிற்கும் முறைக்குப் பதிலாக, நேரம் குறித்து ஓடும் முறையில் அதே துணிகளைப் போடுங்கள். அதில் நன்றாகக் காய்ந்தால், வெப்பமும் காற்றோட்டமும் சரி, உணரிதான் குற்றவாளி. மின்செருகியைக் கழற்றிவிட்டு, சிறிது வினிகர் தொட்ட மென்துணியால் பட்டைகளைத் துடையுங்கள். கதவைத் திறந்து வைத்து அவை உலர்ந்த பிறகு இயக்குங்கள்.

விளையாட்டல்ல

இவ்வளவு நேரம் ஈரத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் அடைத்துக்கொண்ட பஞ்சின் உண்மையான ஆபத்து ஈரமன்று, தீ. துணிப் பஞ்சு மிக மெல்லிய இழைகளால் ஆனது. எடைக்கு ஒப்பிட்டால் அதன் பரப்பளவு மிக அதிகம், எளிதில் பற்றிக்கொள்ளும். காற்றோட்டம் அடைபட்ட இயந்திரத்தில் அந்தப் பஞ்சும் தேங்கிய வெப்பமும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்தது. அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீ விபத்துகள் துணி உலர்த்திகளில் தொடங்கியதாக அது மதிப்பிட்டது. அவற்றுக்கு முன்னணிக் காரணம், 34 விழுக்காடு, இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டது. 2016 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் பரவிய தீயும் ஒரு வீட்டிலிருந்த பழுதான துணி உலர்த்தியில் தொடங்கியதுதான். நாமும் அடுக்குமாடியில் வாழ்பவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே சில விதிகள். இவற்றை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள். கையை உள்ளே விடுமுன் மின்செருகியைக் கழற்றுங்கள். இயந்திரத்தின் பின்புற, பக்கவாட்டுத் தகடுகளைத் திறக்க வேண்டாம்.

2,400 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 10.4 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதைப் பல செருகிகள் உள்ள நீட்டுக்கம்பியில் மற்ற சாதனங்களுடன் சேர்த்து இணைக்காதீர்கள். சுவரிலுள்ள செருகுவாயில் நேரடியாக இணைக்க வேண்டும்.

சமையல் எண்ணெய் ஊறிய துணிகளை உலர்த்தியில் போடவே கூடாது. துவைத்த பிறகும் எண்ணெய் எஞ்சியிருந்தால், அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

இறுதியில் ஹீட்டர் இல்லாமல் குளிர்க் காற்றில் உருளை சுழலும் சில நிமிடங்களைப் பொறுமையாக விடுங்கள். பாதியில் நிறுத்தி, சூடான துணிக் குவியலை உள்ளேயே விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் தூங்கும்போதோ வெளியே போகும்போதோ இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். கருகும் வாடை வந்தால் மின்சாரத்தைத் துண்டியுங்கள். புகை வந்தால் டிரையரின் கதவைத் திறக்காமல் வீட்டைவிட்டு வெளியேறி 995ஐ அழையுங்கள்.

நீங்களே செய்யலாம்

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் ஒரு நீர்க் கணக்கு எழுதிப் பாருங்கள். துணியின் எடை: துவைக்குமுன், பிழிந்தபின், உலர்த்தியபின். ஓடிய நிமிடங்கள். தொட்டி இருந்தால் அதில் சேர்ந்த நீர். வடிகட்டியைக் கழுவுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. டிரையர் இல்லாத வீடா? கழியில் தொங்கும் ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளை, ஒன்றை மின்விசிறிக்கு முன்னாலும் மற்றொன்றைக் காற்றில்லாத மூலையிலும் வைத்து மணிக்கொருமுறை எடை பாருங்கள். வெப்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். காற்று மட்டும் என்ன செய்கிறது என்பது எண்களில் தெரியும்.

கடைசியாக ஒரு சிறு கணக்கு. 2 கிலோவாட் இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் தேவையின்றி ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்றால், வீணாவது 60 காசு. வாரத்துக்கு மூன்று முறை, ஆண்டுக்கு 52 வாரம் என்றால், ஏறத்தாழ 94 வெள்ளி. ஒரு வடிகட்டியைக் கழுவ ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அக்கா இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார். "பஞ்சு: ஒவ்வொரு முறையும். வலை கழுவ: மாதம் ஒருமுறை. அடியில் இருப்பது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை." உயர்நிலை இரண்டில் படிக்கும் அவர் மகன்தான் அதற்குப் பொறுப்பு. சென்ற வாரம் மின்தூக்கியில் பார்த்தபோது அவனாகவே சொன்னான்: "சார், நேத்து தொட்டியில ரெண்டு லிட்டர் வந்துச்சு."